பீடியில்லாத பத்து நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் நாகபூஷணம் அவர்களே, பிரமிளா அம்மையாரின் கணவர் ஸ்ரீஹரி அவர்களே, ஷிப்டு முடிந்து உடம்புக் கரியோடு வந்து நிற்கும் தோழர்களே!

செவ்வாய்க்கிழமை காலை நம் இரும்பு வார்ப்பு ஆலை வாசலில் எனக்கு வணக்கம் சொன்னவருக்கு, இன்று நான் இரங்கல் உரைக்கிறேன். எப்படி நம்புவது? நோயென்று ஒருநாளும் படுக்காத நம் ஆலைச் செவிலியர்! மருந்தறையில் சுருண்டு விழுந்தாராம், மாரடைப்பாம்! யாருக்கு? பிரமிளாவுக்கா? இன்னும் என் காது ஏற்கவில்லை.

இந்த ரேணிகுண்டா ஆலைக்கு அவர் வந்த புதிதில், புகைபிடித்துப் பிடிபடுபவர்களை வேலையைவிட்டு நீக்க நிர்வாகம் நினைத்தது. "மிரட்டினா மறைஞ்சிகினு குடிப்பாங்க சார்" என்று தடுத்தவர் பிரமிளா. உலைக்கூடத்துக்குப் பின்னால் நாம் பீடி பிடிக்கும் இடத்துக்கே ஸ்டூலைத் தூக்கி வந்து உட்கார்ந்தார்.

அங்கேதான் உலைத் தொழிலாளி உதயா வெடித்தார்: "பீடி புடிக்கிறவனத்தான் மேடம் மேஸ்திரிங்க கொஞ்ச நேரம் உலைய வுட்டு வெளிய அனுப்புறாங்க. சும்மா குந்திகினு இருந்தா சோம்பேறின்றாங்க. பீடிய வுட்டுட்டா நான் எப்ப மூச்சு வுடுறது?"

இதற்கு யார் பதில் தேடினார்கள்? பிரமிளா தேடினார்! நேரே மேலாளரிடம் போனார். பீடி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், உலை முன் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிட ஓய்வு வாங்காமல் அவர் திரும்பவில்லை. அந்த ஓய்வில் மோர் கொடுத்தார், பேச்சுக் கொடுத்தார். விட்டவர் மறுபடி பிடித்துவிட்டுத் தலைகுனிந்தால், "பரவால்ல அண்ணா, இன்னிக்கே திரும்ப வுடலாம்" என்றார். உதயா விட்டார், பிடித்தார், மீண்டும் விட்டார்.

செவ்வாயன்று அம்மையாரைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ்வரை ஓடியவர் அதே உதயாதான். "இவ்ளோ தூரம் ஓடியாந்தும் எனுக்கு மூச்சு வாங்கல மேடம்! கண்ணத் தொறங்க மேடம்!" என்று கதறினார். அவர் திறக்கவில்லையே தோழர்களே!

மருத்துவமனையில் செய்தி சொன்னதும், நம்மில் பலரின் கால்கள் பெட்டிக்கடைக்குத்தான் போயின. உதயாவும் போனார். பீடியை வாங்கி, பற்றவைக்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பத்து நிமிடத்தை யாரும் பறிக்கச் சங்கம் விடாது, இது உறுதி! இன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் யாருக்காவது பீடிக்குக் கை பரபரத்தால், தனியாகப் போகாதீர்கள். உலைக்கூடத்துக்குப் பின்னால் வாருங்கள். உதயாவும் நானும் அங்கே உட்கார்ந்திருப்போம்.