கண்டெடுத்ததற்கு இரண்டு பிஸ்கட்

ஒருவர் பேச மூன்று நிமிடம் என்று மணியை முடுக்கிவிட்டு என் முகம் பார்க்கும் கல்விக் குழுத் தலைவர் ரோய்ஸ் டில்மன் அவர்களே! அவருக்கு இடமும் வலமும் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே! மாட்டையும் வயலையும் விட்டுவிட்டு இந்தக் கூடைப்பந்துக் கூடத்தில் கூடியிருக்கும் கோர்லி ஊர்ப் பெரியவர்களே! பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, மாலை மீண்டும் பார்க்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் சமையற்கூடத்து ஓப்பலின் வணக்கம்.

முப்பத்தொரு வருடமாக இந்தப் பள்ளியின் சாப்பாட்டு ஜன்னலில் நிற்கிறேன். படிப்பு எனக்கு ஏழாம் வகுப்போடு சரி. ஆனால் மறதி என்பது என் ரத்தத்தில் இல்லை. ரோய்ஸ், மூன்றாம் வகுப்பில் நீ என் பட்டாணியைக் குப்பையில் கொட்டிவிட்டு, "தின்னுட்டேன்" என்று சொன்னாயே, அதுவும் நினைவிருக்கிறது. சிரிக்காதீர்கள் அம்மா, சிரிக்காதீர்கள். சிரிக்க வைக்க நான் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், பக்கத்து மாவட்டத்துப் பள்ளியில் ஒருவன் புகுந்து சுட்டுக் கொன்ற ஒன்பது பிள்ளைகளைப் புதைத்த அதே வாரத்தில், ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்று இந்த மேடையில் கேட்டார்கள். முதலில் எழுந்தவள் யார்? நான்! கொடு, கொடு, இன்றே கொடு என்று கொதித்தவள் யார்? நான்! வரலாற்று வாத்தியார் வெர்னன் பெக் மட்டும் மறுத்தார்.

"ஓப்பல், வண்டிச் சாவியையே நான் தினம் ஒரு இடத்துல வச்சுட்டுத் தேடுறேன். துப்பாக்கியையும் அப்படி வச்சுட்டா?" என்றார்.

"அப்போ நீங்க மேஜைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கோங்க வாத்தியாரே!" என்றேன்.

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கோடையில் அவர் வேலையை விட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டாயிரத்து ஒன்றில் என் பீன்ஸ் சூப்பில் உப்பு அதிகம் என்று எல்லோர் முன்பும் சொன்னவர் அவர். அந்தக் கோபத்தையும் அன்று சேர்த்துத் தீர்த்துக்கொண்டேன்.

பிறகு, இறந்துபோன என் கணவரின் கைத்துப்பாக்கியை எடுத்து, இங்கே இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கும் என் மகள் டார்லீன் கையில் நானே கொடுத்தேன். பெருமையோடு கொடுத்தேன்!

என் ஜன்னலுக்குக் கீழே ஒரு பெட்டி உண்டு, அறிவீர்கள். தொலைந்த கையுறை, தொப்பி, விழுந்த பல்கூட அதில் வந்து சேரும். கீழே என்ன கிடந்தாலும் எடுத்துக்கொண்டு மிஸ் ஓப்பலிடம் வா. கொண்டுவந்தால் ஒரு பிஸ்கட். உங்களில் பாதிப்பேர் அந்தப் பிஸ்கட்டைத் தின்று வளர்ந்தவர்கள்.

போன வருடம் ஜனவரி. குளிரில் குழாய் உறைந்து, ஆசிரியர்களின் கழிப்பறையைப் பூட்டியிருந்தார்கள். டார்லீன் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போனாள். இடுப்பில் துப்பாக்கியோடு உட்கார முடியுமா? கழற்றி வைத்தாள். மணி அடித்தது. ஓடினாள்.

நான்கு நிமிடம் கழித்து, முதல் வகுப்பு ஐவி என் ஜன்னலுக்கு வந்தாள். இரண்டு கையாலும் சாப்பாட்டுத் தட்டை ஏந்தியிருந்தாள். தட்டில் துப்பாக்கி. குழல் அவள் நெஞ்சைப் பார்த்திருந்தது. உள்ளே ஐந்து குண்டு.

"மிஸ் ஓப்பல், இதை யாரோ மறந்துட்டாங்க. எனக்குப் பிஸ்கட்?"

தாய்மார்களே! அப்போது நான் என்ன செய்தேன்? கத்தினேனா? தலைமை ஆசிரியரிடம் ஓடினேனா? இல்லை. தட்டை வாங்கினேன். இரண்டு பிஸ்கட் கொடுத்தேன். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுடி செல்லம்" என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். மகளின் வேலைக்காக. அதைவிட, வெர்னன் பெக் சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாதே என்பதற்காக!

யார் அங்கே, "அம்மா, போதும்மா" என்பது? உட்காருடி டார்லீன். நீ மறந்தது நாலு நிமிஷம். நான் மறைச்சது பதினாலு மாசம்.

மணி அடிக்கிறதா ரோய்ஸ்? அடிக்கட்டும். சற்று முன் நீ அறிக்கை வாசித்தாய்: "ரெண்டு வருஷமா ஒரு சின்னச் சம்பவம்கூட இல்லை. அதனால துப்பாக்கி அனுமதியை இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம்." அந்த வரி பொய். அதை எழுதியது உன் பேனா. எழுத வைத்தது என் வாய்ப்பூட்டு. அதை நம்பி யாரும் கை தூக்காதீர்கள்!

ஷெல்பி, நாலாவது வரிசையில் இருக்கிறாய். ஐவி உன் மகள். இதை உன் வீட்டு வாசலில் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ என் முகத்தில் துப்பினாலும் துடைக்க மாட்டேன்.

பொல்லாதவன் வருவான் என்று வாசலையே பார்த்திருந்தோம். அவன் வரவில்லை. துப்பாக்கி வந்தது, நாமே கொண்டுவந்தோம். அது ஆறு வயதுக் கையில் வந்து, நான் கற்றுக்கொடுத்த பழக்கத்தால் தட்டில் ஏறி, என்னிடமே பிஸ்கட் கேட்டது.

இன்றும் ஐவி வரிசையில் வரும்போதெல்லாம், என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துச் சிரிக்கிறாள். வாக்கைக் காப்பாற்றுகிறாள்! நாளை மதியமும் வருவாள். "விரலை எடுத்துடுடி கண்ணு, நானே சொல்லிட்டேன்" என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த மேடை ஏறினேன்.

மூன்று நிமிடம் தாண்டியும் பொறுத்த சபைக்கு நன்றி. இங்கே வராத வெர்னன் பெக்குக்கு மன்னிப்போடு வணக்கம். போன முறை எழுந்து நின்று கைதட்டினீர்கள். இன்று யாரும் தட்டாதீர்கள். நான் இறங்கிப் போகிறேன்.