குடை பிடித்த குருவி

குடையை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது ஐயா, தோளெல்லாம் நனைந்திருக்கிறது. மதியச் சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது நம் கனசாவா ஊரின் பேச்சு. தேநீருக்கு நன்றி. ஆறட்டும், எனக்கு அவசரம் இல்லை.

நீங்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அது சங்கடமாக இருக்கலாம். எனக்கு இல்லை. நான் காதல் மங்கா படிக்கிறவள். அந்தப் படக்கதைகளில் பேச்சே இல்லாத பக்கம் ஒன்று வரும். ஒரு சன்னல், ஒரு காலிக் கோப்பை, வெளியே மழை. அவசரக்காரர்கள் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கதை அங்கேதான் இருக்கும்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். புத்தகக் கடையில் மாடித் தளம் முழுவதும் படக்கதைகள். காதல் பகுதி என் பொறுப்பு. புதுப் புத்தகம் வந்ததும் கண்ணாடித்தாள் உறை போட்டு, சூட்டு இயந்திரத்தில் விட்டு எடுத்துத்தான் அடுக்குவோம். வாங்குகிறவர் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் உள்ளங்கை அளவுச் சீட்டில் கையால் விமர்சனம் எழுதி அலமாரியில் செருகுவது வழக்கம். எல்லாப் புத்தகக் கடையிலும் உண்டு. எங்கள் கடையில் அந்தச் சீட்டுகளை எழுதியது நான். கயோகோவின் சீட்டு என்று கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடச் சீருடையில் வந்தவர்கள் கைக்குழந்தையோடு திரும்பி வந்து, "இப்ப எத வாசிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். என் சீட்டில் ஒரே ஒரு விதி. முடிவைச் சொல்லக் கூடாது. அடுத்து என்ன நடக்கும் என்பதை அறிந்தவர் வாயை மூடிக்கொள்வதுதான் அறியாதவருக்குச் செய்யும் மரியாதை.

இகுமி போன வருடம் பனி உருகும் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஹமமாத்சு பக்கத்துப் பெண். கலகலப்பானவள். உறை போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாடுவாள். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் சொன்னதில்லை.

"அக்கா, நீங்க சிரிச்சா இந்த மெஷின் நின்னுடுமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சிரிக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அதான் நானும் கேக்கறேன். நாள் முழுக்க ஆயிரம் முத்தத்துக்கு உறை போடறோம். ஒண்ணாவது நமக்கு வருதா?"

என்னை அக்கா என்று கூப்பிட்டவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

கடையின் பின்னறையில் சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தபோது ஒருமுறை சட்டைக் கழுத்தை விலக்கித் தோள் எலும்பைக் காட்டினாள். உடைந்து கூடிய இடம் சற்று மேடாகத் தெரிந்தது. புருஷன் ஹிசாஷி செய்தது. அதற்குப் பிறகுதான் வீட்டைவிட்டு வந்திருக்கிறாள். தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாள். அம்மாவுக்குக்கூட ஊரைச் சொல்லவில்லை.

"கண்டுபுடிச்சா கொன்னுடுவேன்னு சொல்லியிருக்கான் அக்கா. சும்மா சொல்ற ஆள் இல்ல. அதான் கடை போட்டோல எல்லாம் நான் நிக்கறதில்ல. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

அந்த வேளையில்கூடச் சிரித்தாள். அவள் சோற்று உருண்டையில் பாதியை எனக்குக் கொடுத்தாள். உள்ளே ஊறுகாய்ப் பிளம் இருந்தது.

இன்னொன்றும் சொன்னாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் அவனுக்காக ஒட்டும் துண்டுச் சீட்டிலெல்லாம் குடை பிடித்த குருவி ஒன்று வரைவாளாம். சாப்பாடு உள்ளே இருக்கிறது, குருவி. நாளை மழை, குருவி. முதன்முதலில் பரிசாக அவன் வாங்கிக் கொடுத்தது 'உப்புக் காற்று' கதையின் முதல் பாகம் என்றும் சொன்னாள். இவற்றை நான் கேட்டு வாங்கவில்லை. அவளே சொன்னாள்.

'உப்புக் காற்று' உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் மகள் வாசிப்பதாகச் சொன்னீர்களே. நாயகி யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். நாயகன் ஒவ்வொரு கடலோர ரயில் நிலையமாக இறங்கி அவளைத் தேடுகிறான். பாகம் பாகமாகத் தேடுகிறான். வேலை போகிறது, உடம்பு போகிறது, தேடுகிறான். குடைகூட இல்லாமல் மழையில் நிற்கிறான். நான் முதல் பாகத்திலிருந்து அதற்குச் சீட்டு எழுதிவந்தேன். கடைசியாக எழுதியது நினைவிருக்கிறது: 'இப்படித் தேடப்படுவதற்காகவே ஒருமுறை தொலைந்து போகலாம்.' அதைப் படித்துவிட்டு அலமாரி முன்னால் அழுதவர்கள் உண்டு.

எனக்கு அந்த வரியைப் பற்றி எந்த வெட்கமும் இல்லை. என்னை யாரும் எங்கும் தேடி வந்ததில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அது உண்மை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கடை முதலாளி சுகிமோதோ விளையாட்டுப் பேர்வழி. அந்தப் பாகம் வந்தபோது இகுமியிடமும் ஒரு சீட்டைக் கொடுத்து, "நீயும் ஒண்ணு எழுதும்மா, பாப்போம்" என்றார். அவள் நின்றபடியே எழுதினாள். 'ஓடு தாயே, நிற்காதே! இவன் என் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தால் நான் போலீசைக் கூப்பிட்டிருப்பேன்.'

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு சீட்டுகளையும் அருகருகே செருகினார். "ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுங்க. யாவாரம் நடக்கட்டும்."

வியாபாரம் நடந்தது. கூட்டமாக வந்து நின்று வாசித்தார்கள். என் சீட்டை முதலில் வாசித்தார்கள், பிறகு அவள் சீட்டை வாசித்தார்கள், சிரித்தார்கள். அதன் பிறகு என் சீட்டை மறுபடி பார்த்தபோது வேறு மாதிரி பார்த்தார்கள். சிறுமியாக இருந்தபோதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு பெண், "இத்தனை நாள் எங்கள நல்லா ஏமாத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அன்று பின்னறையில் இகுமி என் முதுகைத் தட்டினாள்.

"கோவமா அக்கா?"

"இல்ல. நீ கதைய சரியா வாசிக்கல, அவ்வளவுதான்."

"நீங்க வாசிச்சிருக்கீங்க. நான் அதுக்குள்ள குடியிருந்திருக்கேன்."

பதில் சொல்லக்கூடியதுதான். அனுபவம் வேறு, வாசிப்பு வேறு. காயப்பட்டவர் நல்ல விமர்சகர் ஆகிவிட மாட்டார். ஆனால் அதை வாயால் சொல்லி என்ன பயன்? ஒரே கதை, இரண்டு விமர்சனங்கள். எது சரி என்பது கதை முடிந்தால்தான் தெரியும். அவள் தன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். தேடுகிறவன் எங்கோ தேடிக்கொண்டிருந்தான். அந்த இருவரும் எதிரெதிரே நிற்கும் பக்கம் வராமலே அவனை இன்ன மாதிரி என்று அவள் எழுதியது நேர்மையான விமர்சனம் அல்ல. நான் இதை அமைதியாகவே யோசித்தேன்.

மறுநாள் அவளிடம் சொன்னேன். "உன் சீட்டுல ஓரம் காலியா இருக்கு. ஏதாவது படம் போடு. அந்தக் குருவி நல்லா இருக்கும்."

யோசித்தாள். "கடைக்குள்ளதானே இருக்கும்?"

"கடைக்குள்ளதான்."

நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தாள். குடைக்கு மேல் மூன்று துளி மழைகூடப் போட்டாள்.

கடையின் இணையப் பக்கத்தில் வாரந்தோறும் சீட்டுகளைப் படம் எடுத்துப் போடுவதும் என் வேலை. இகுமியின் சீட்டைப் போடுவதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அந்த வாரம் போட்டேன். கதையின் பெயர், கடையின் பெயர், ஊரின் பெயர் எல்லாம் வழக்கம்போல. வேறு எதுவும் எழுதவில்லை. யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

அவர் இலையுதிர் கால மழை பிடித்துக்கொண்ட பிறகு வந்தார். மாடிப்படி ஏறி வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. குடை இல்லை. இந்த ஊர்க்காரர் யாரும் அப்படி வரமாட்டார்கள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சீட்டுகளின் முன் நீண்டநேரம் நின்றார். நான் நல்ல ஓவியர் வரைந்த ஒரு முழுப்பக்கப் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் கண்டதும் குனிந்து வணங்கினார். மிகவும் பணிவானவர்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். இந்தக் குருவிய வரைஞ்சது யாருங்க?"

"எங்க கடைப் பொண்ணு ஒருத்தி."

"அவங்கள ஒரு நிமிஷம் பாக்கணும். மன்னிப்புக் கேக்கணும், அவ்வளவுதான்." பிறகு என் சீட்டைப் பார்த்தார். "இது யாரு எழுதினது?"

"நான்தான்."

"இதுல இருக்கிறதுதாங்க சரி. இதப் புரிஞ்சவங்க ரொம்பக் கம்மி."

அத்தனை பேர் என் சீட்டைப் படித்துச் சிரித்துவிட்டுப் போன அந்த நாட்களில், சரி என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இகுமி சாயங்காலம் காலி அட்டைப்பெட்டிகளை வெளியே போட வருவாள் என்றேன். கடைக்குப் பின்னால் சந்து இருக்கிறது, கூரை கிடையாது என்றேன். நன்றி சொல்லி மறுபடி வணங்கினார். நனைந்த காலடிகளைத் துடைப்பானால் துடைத்தேன்.

சாயங்காலம் அவளைக் கீழே பின்னறைக்குக் கூப்பிட்டுப் பெட்டிகளைக் கொடுத்தேன்.

"கொட்டுதே அக்கா. ரெண்டு கையிலயும் பெட்டி. குடைய வாயிலயா புடிக்கறது?"

"கொஞ்ச தூரம்தானே."

"நனைஞ்சு காய்ச்சல் வந்தா நீங்கதான் கஞ்சி வெச்சுத் தரணும், சொல்லிட்டேன்."

"தரேன்."

பின்கதவு இரும்புக் கதவு. தானாகச் சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடியாது. அதனால் திருப்பி அனுப்ப வேண்டிய பழைய வாரப் பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எல்லோரும் வெளியே போவோம். இகுமியும் கட்டைக் காலால் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கட்டு ஏன் உள்ளே கிடந்தது என்றுதானே நீங்கள் முதலிலிருந்து கேட்கிறீர்கள். நான்தான் இழுத்தேன். காற்றில் நகர்ந்திருக்கலாம் என்று முதலாளி உங்களிடம் சொன்னது என்மேல் உள்ள பரிவினால். அது கனமான கட்டு. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் சந்திக்கும் பக்கத்தில் மூன்றாவது ஆள் உள்ளே வரக் கூடாது. அது மோசமான கதை அமைப்பு. கதவு சாத்திக்கொண்டது. பிறகு நான் உறை போடும் இயந்திரத்தை இயக்கினேன். வேலை பாக்கி இருந்தது.

இயந்திரம் ஓடினாலும் கேட்டது. கதவைத் தட்டினாள். "அக்கா" என்றாள். பிறகு இன்னும் சத்தமாக, "அக்கா, கதவு!" என்றாள். ஒருமுறை பேர் சொல்லியும் கூப்பிட்டாள். என் பேர் அவள் வாயில் அதற்கு முன் வந்ததில்லை. புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறையோடு வந்துகொண்டிருந்தன. சூடாக இருந்தன. அடுக்கினேன்.

பிறகு பேச்சில்லாத பக்கம் வந்தது. மழைச் சத்தம் மட்டும். மற்றவர்களாயிருந்தால் கதவைத் திறந்து பார்த்திருப்பார்கள். நான் அப்படி அவசரமாகப் புரட்டுகிறவள் அல்ல. நின்று முழுவதையும் வாசித்தேன்.

அவர் கையில் கத்தி இருந்தது எனக்குத் தெரியாது என்று முதல் நாள் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கடையில் பேசிய நேரம் முழுவதும் அவருடைய வலது கை மேல்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. வணங்கியபோதும் எடுக்கவில்லை. கை வரைவது கடினம் ஐயா. திறமை போதாத ஓவியர்கள் பாத்திரங்களின் கையைச் சட்டைப்பையில், முதுகுக்குப் பின்னால் என்று மறைத்துவிடுவார்கள். எந்தப் புதுப் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது கைகளைத்தான். இவருடைய கையையும் பார்த்தேன். ஏன் மறைந்திருக்கிறது என்று யோசித்தேன். எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகுதான் சந்து எங்கே இருக்கிறது என்று சொன்னேன்.

ஆனாலும் இகுமியின் விமர்சனம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. சந்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஓடிப் போயிருக்கவில்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், நனைந்துகொண்டே. அதை நீங்களே சொன்னீர்கள். என் சீட்டில் ஒரு சொல்லையும் நான் மாற்றப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 'உப்புக் காற்று' கடைசிப் பாகம் இந்த வாரம் வந்துவிட்டதாம். உங்கள் மகள் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள், அந்தப் பெண் கடைசியில் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன், அதைத் தவறாக நினைக்க வேண்டாம். இங்கே புத்தகம் தர அனுமதி உண்டென்றால் உறை பிரிக்காமல் வாங்கி வாருங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயா. ஒரு மனிதருக்கு இன்னொருவர் செய்யக்கூடிய கெடுதல்களில் அதைவிடப் பெரியது கிடையாது.