இரும்பு அலுமாரிக்குள் இன்டர்நெட்

துறைமுகத்தடியில் கிண்ணியா பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"எங்கட கந்தோர் இன்டர்நெட்டை நான்தான் இரும்பு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினனான்."

"என்னக்கா சொல்றீங்கள்?"

"ரவுட்டரை. கடல்காத்துக்கு இஞ்ச எல்லாம் கறள் பிடிக்குது. அதுவும் பழுதாப்போயிடுமெண்டு பயந்தனான்."

"இரும்புக்குள்ள இருந்து சிக்னல் எப்பிடி அக்கா வெளியில வரும்?"

"அது இண்டைக்குத்தான் விளங்கினது. ஃபைலெல்லாம் கிளவுட்டிலதானே, ஒண்டைத் திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போகும். மனேஜர் ரெண்டு மாசமா சொஃப்ட்வெயார்தான் பிழையெண்டு அதைத் தந்த ஆக்களைப் போனில கிழிகிழியெண்டு கிழிக்கிறார். நாளைக்கு அவங்களை நிப்பாட்டக் கடிதமாம். அதையும் நான்தான் ரைப் பண்ணோணும்."

"ஐயோ! உண்மையைச் சொல்லப்போறீங்களா?"

"எனக்கென்ன விசரா? காலமை வெள்ளெனப் போய் வெளியில எடுத்து வைப்பன். எல்லாம் பறக்கும்."

"ஏனெண்டு மனேஜர் கேட்டா?"

"கேக்கமாட்டார். தான் குடுத்த ஏச்சிலதான் சரிவந்ததெண்டு நினைப்பார்."

பஸ் வந்தது. ஏறும்போது அவள் திரும்பிச் சொன்னாள்:

"பிரிண்டரும் பழுதுதான். அதுக்கும் ரெண்டு ஏச்சுக் குடுக்கச் சொல்லோணும்."