குளியலறையின் வெளித் தாழ்ப்பாள்

என் பெயர், வயது, விலாசம் முதல் பக்கத்தில் எழுதியுள்ளபடி சரி. நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். எங்கள் மூன்று வயதுக் குழந்தையைப் பகலில் என் நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார்.

நான் வேலைக்குக் கிளம்பினால் குழந்தை காலைக் கட்டிக்கொண்டு மூச்சடைக்க அழும். ஆகவே சொல்லாமல் போவதே வழக்கமாகிவிட்டது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். கதவு ஊறிப்போய் இறுகியிருப்பதால் குழந்தையால் தள்ள முடியாது. "அம்மா உள்ள குளிக்கிறாங்க, இப்ப வந்துடுவாங்க" என்று நாத்தனார் சொல்லுவார். குழந்தை கதவைத் தட்டித் தட்டி, அழுது ஓய்ந்து, அங்கேயே தூங்கிவிடும். யோசனை நாத்தனாருடையது. நானும் ஒத்துக்கொண்டேன். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்று காலை நான் உண்மையாகவே குளிக்கப் போனேன். அப்போது வெளியே, கதவின் அடியில் இருக்கும் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டது. நாத்தனார் விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். அவர் விளையாடுகிற ரகம் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. தாழ்ப்பாள் போட்டது குழந்தைதான் என்று புரிந்து, "கண்ணு, கதவைத் திறடா" என்று கெஞ்சினேன்.

"மாட்டேன். நீ வேலைக்குப் போயிடுவ" என்றது குழந்தை.

அதன் பிறகு கதவைத் தட்டினேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். முன்னறையில் மெஷினும் ரேடியோவும் ஓடிக்கொண்டிருந்தன. நான் வழக்கம்போல் போய்விட்டேன், குழந்தைதான் கதவைத் தட்டுகிறது என்று நாத்தனார் இருந்துவிட்டார். நடுவில் குழந்தையே அவரிடம் போய், "அம்மா உள்ள இருக்காங்க" என்று சொல்லியிருக்கிறது. தினமும் நாங்கள் சொல்லும் பொய்யை ஒருவழியாக நம்பிவிட்டது என்று அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் சந்து ஜன்னல் வழியாக என் குரலைக் கேட்டு போலீசுக்குச் சொன்னார். எங்கள் வாய்ச்சண்டை தெருவுக்கே தெரியும் என்பதால் நாத்தனாரைச் சந்தேகப்பட்டு இங்கே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். அவருக்கு வாய் நீளம்தான், ஆனால் கைநீட்டுகிற ஆள் இல்லை. அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நாளைக்கும் நான் வேலைக்குப் போகவேண்டும்.

போலீசார் வந்து கதவைத் திறந்தபோது குழந்தை என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது. இன்று அது ஒரு தடவைகூட அழவில்லை, சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிட்டது என்று நாத்தனார் சொன்னார். உள்ளே அடைபட்டுக் கிடந்ததைவிட அதைக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னது, நடந்தது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கையைக் குழந்தை விடாததால் இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.