எட்டாம் நாள் சக்கை

இருந்தவர்கள்:

யிப் சூ-லான். தெருவோரச் சிறு மருத்துவமனையின் மூலிகை வைத்தியர். முப்பத்தைந்து வயது.

மோக் ஹாங். அதே மருத்துவமனையில் இரவு முறையில் கஷாயம் காய்ச்சுபவன். ஒரு காலத்தில் அவளுடைய வகுப்புத் தோழன். மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டவன்.

மோக் சியு-குவான். அவன் அப்பா. நோயாளி. முதலில் வெளி பெஞ்சில், பிறகு உள்ளே.

ஃபோஷான் நகரம், மார்ச் மாதம், மாலை ஐந்து மணி.

— அப்ப மூணாவது மருந்துச் சீட்டும் போச்சு.

— போச்சுன்னா?

— உங்கப்பா நாக்கை நீ பார்த்தியா, ஆ-ஹாங்? ஆறு வாரத்துக்கு முன்னாடி இருந்ததைவிட மோசம். மஞ்சளாப் படிஞ்சு, கெட்டியா, சோயாப்பால் ஏடு மாதிரி. நடுவுல வெடிப்பு வேற. வாயெல்லாம் கசப்பு, உடம்பெல்லாம் அரிப்பு, மத்தியானம் ஆனா காய்ச்சல். ஒண்ணுக்கு கறுப்பு டீ நிறத்துல போகுதாம்.

— பெரிய ஆஸ்பத்திரியில பித்தக் குழாய்க்குள்ள குழாய் வச்சப்பவே சொன்னாங்க, மறுபடி அடைக்கும்னு.

— குழாய் அவங்க வேலை, உள்ள ஈரமும் சூடும் சேர்ந்து பிடிச்ச ஈரச்சூடு என் வேலை. கட்டியை அறுக்க முடியாது, மூணு மாசம்னு சொல்லிக் கையைக் கழுவிட்டாங்க. அந்த மூணு மாசமும் மனுஷன் சொறியாம தூங்கணும், ஒரு கிண்ணம் கஞ்சி குடிக்கணும். முடிஞ்சா மூணை ஆறாக்கணும். அதுக்குத்தான் நான் உட்கார்ந்திருக்கேன்.

— உன்னால ஆகலை. அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்னு நீ தீர்ப்பு சொல்லாத. வரிசையா வா. முதல் சீட்டு: மாசிபத்திரி, மஞ்சள் காய், சூட்டைப் பேதியா இறக்க ஆறு கிராம் ரேவல்சின்னிக் கிழங்கு. பாடப் புத்தகத்துல முதல் பக்கம். முதல் வாரம் ஒண்ணுக்கு தெளிஞ்சுது. அவரே வந்து சொன்னார், டீ வெளுத்துடுச்சு பொண்ணேன்னு.

— ம்.

— ரெண்டாவது வாரம் திரும்பிடுச்சு. சரி, சூடு நான் நினைச்சதைவிட ஆழத்துல இருக்குன்னு ரெண்டாவது சீட்டுல ரேவல்சின்னியைப் பன்னெண்டு ஆக்கினேன், கசப்பு வேரையும் சேர்த்தேன். இன்னும் மோசம். மூணாவதுல பதினஞ்சு. அவ்வளவையும் எருமைக்குக் கொடுத்தா எருமைக்கே வயிறு போகும். உங்கப்பாவுக்கு மலச்சிக்கல்! பனிக்கட்டியைப் போடப் போடப் பானை கொதிக்குது. இப்படி ஒரு உடம்பை நான் பார்த்ததே இல்ல.

— மூணு விதைக் கஷாயம் கொடுத்துப் பார்க்கலாமே. வாதுமை விதை, ஏலம், பார்லி.

— அது லேசான கேஸுக்கு. இது மாவுல எண்ணெய் ஊறின மாதிரி பிடிச்சிருக்கு. சூட்டைத் தணிச்சா ஈரம் கெட்டியாகும், ஈரத்தைக் காயவச்சா சூடு ஏறும். கஷாயச் சக்கையாவது ஒரு நாள் பிரிச்சுப் பார்க்கலாம்னா, அதுவும் இங்க நிக்கறதில்ல.

— அப்பா விடமாட்டார். தினம் காலையில நான் வேலை முடிஞ்சு போறப்ப பையோட வாங்கிட்டுப் போய் முச்சந்தியில கொட்டிடுவார். மிதிக்கிறவன் காலோட நோய் போயிடுமாம்.

— எத்தனை பேர் மிதிச்சாங்களோ. சரி, இங்க பாரு. நேத்து பூரா யோசிச்சேன். இது சூடே இல்லையோ? அடியில குளிர், மேல தெரியறது பொய்ச்சூடு. கசப்பைக் கொட்டிக் கொட்டி, மிச்சம் இருக்கிற நெருப்பையும் நான் அணைச்சுக்கிட்டு இருக்கேனோ? அப்படின்னா தலைகீழாத் திருப்பணும். சூடேத்தற நாபிக் கிழங்கு, சுக்கு, அதிமதுரம்.

— வேணாம்.

— எது வேணாம்?

— நாபி வேணாம்.

— இதை நீயா சொல்ற? மூணாம் வருஷம் வாய்மொழித் தேர்வுல, பழுத்த ஈரச்சூடு கேஸைக் கொடுத்து என்ன மருந்துன்னு கேட்டதுக்கு, நோயாளி காலைத் தொட்டுப் பார்த்துட்டு, சில்லுன்னு இருக்கு, நாபி கொடுப்பேன்னு சொன்னவன் நீ. பேராசிரியர் சிரிச்சார். வகுப்பே சிரிச்சுது.

— நீயும் சிரிச்ச.

— நானும் சிரிச்சேன். நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்து போனவன் திரும்பி வரவே இல்ல. பன்னெண்டு வருஷம் கழிச்சு அதே நாபியை நானே எழுதறேன்னு வந்து நிக்கறேன். நீ குதிக்கணும். ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?

— அது நிஜமான சூடு. பொய்ச்சூடு இல்ல. எழுதாத.

— உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியும்.

— எப்படின்னு கேக்கறேன்.

— கொடுத்துப் பார்த்தாச்சு.

— மறுபடி சொல்லு.

— எட்டாம் நாள்லேருந்து. முதல் ஏழு நாள் நீ எழுதினதைத்தான் காய்ச்சினேன். ராத்திரி அங்க நான் ஒருத்தன்தான். மருந்தறைச் சாவி, காய்ச்சற அறைச் சாவி, ரெண்டும் என்கிட்ட. ரேவல்சின்னியை எடுத்துட்டு நாபியை வச்சேன். ஒன்பது கிராம். அதை மட்டும் விஷம் போக ஒரு மணி நேரம் முன்னாடியே கொதிக்கவிட்டு, சொட்டை நாக்குல வச்சுப் பார்த்து, மரத்துப்போகலைன்னு தெரிஞ்சப்புறம்தான் மத்ததைப் போட்டேன்.

— ரொம்ப ஜாக்கிரதை!

— கிண்டல் பண்ணாத.

— கிண்டலா? முப்பத்தஞ்சு நாள்! நான் எழுதின ரேவல்சின்னியில ஒரு துண்டுகூட அவர் வயித்துக்குப் போகலை. அது தோத்துப்போச்சுன்னு நினைச்சு நான் ஏத்தறேன், மறுபடி ஏத்தறேன். நான் நாடி பிடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தது என் மருந்தை இல்ல, உன் மருந்தை.

— நீ ஏத்தினப்பல்லாம் நானும் ஏத்தினேன். பதினெட்டு வரைக்கும்.

— எதுக்குடா?

— முதல் வாரம் தெளிஞ்சது எனக்குத் தெரியாது. உன்கிட்ட சொல்லுவார், என்கிட்ட எதைச் சொல்லியிருக்கார்? வீட்டுல நான் ஒரு அலமாரி. ஏழாம் நாள் காலையில போர்வையை இழுத்துவிட்டப்ப அவர் கால் பட்டுச்சு. மீன் மாதிரி சில்லுன்னு. உடம்பு மஞ்சள், கால் குளிர். தேர்வுல கொடுத்த அதே கேஸ். அதுவே என் வீட்டுக் கட்டில்ல வந்து படுத்திருக்குன்னு நினைச்சேன்.

— வெறுங்காலோட ஈரத் தரையில கழிப்பறைக்குப் போய்ட்டு வந்திருப்பார்டா! இந்த மாசத்துல இந்த ஊர்ல யாரு காலு சூடா இருக்கு? சுவரைத் திரும்பிப் பாரு, ஒழுகுது. என் காலைத் தொட்டாலும் சில்லுன்னுதான் இருக்கும். எனக்கும் நாபி கொடுப்பியா?

— இப்பத் தெரியுது.

— எப்ப நிறுத்தின?

— முந்தாநாள் ராத்திரி காய்ச்சினதுதான் கடைசி. நேத்துக் காலையில பார்த்தா சொறிஞ்சு சொறிஞ்சு விரிப்பு பூரா ரத்தம். அவர் அதைத் தலையணைக்கு அடியில மடிச்சு வச்சிருந்தார்.

— எட்டாம் நாளே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா...

— கேட்டிருந்தா? இழுத்துக்கிட்டு இருந்திருப்பாரா?

— தெரியாது.

— மழுப்பாத.

— மழுப்பலை. ஒருவேளை ஒண்ணும் மாறியிருக்காது. ஒருவேளை கோடை வரைக்கும் இருந்திருப்பார். எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல. அதைத்தான் நீ எடுத்துட்ட.

— சரி. இப்ப என்ன எழுதுவ?

— எதை எழுதறது? ரேவல்சின்னியைத் தாங்கற தெம்பு இப்ப அவர்கிட்ட இல்ல. நாபியை இன்னொரு வாரம் கொடுத்தா போய்ச் சேர்ந்துடுவார். நடுவுல மிச்சம் இருக்கிறதெல்லாம் கஞ்சி. சாவியை மேஜை மேல வை. ரெண்டையும்.

— வச்சாச்சு.

— காலையில நிர்வாகத்துக்குச் சொல்லுவேன்.

— சொல்லு. போலீஸுக்கும் சொல்லு. அவர்கிட்ட மட்டும் சொல்லாத, ஆ-லான். மருந்துக்கடையில முப்பத்தெட்டு வருஷம் நறுக்கி, நிறுத்து, மடிச்சுக் கொடுத்தவர். ஒரு பொட்டலம்கூடத் தப்பாப் போனதில்லைன்னு இன்னிக்கும் டீக்கடையில சொல்லிக்கிட்டு இருக்கார்.

— மெதுவாப் பேசு. கதவைத் தட்டறார்.

— உள்ள வரலாமா, இல்ல நான் பெஞ்சுலயே முளைவிடணுமா? அதுல ஏற்கெனவே காளான் வந்தாச்சு. பறிச்சா சூப்புக்கு ஆகும்.

— வாங்க மோக் மாமா. தரை வழுக்குது, அவன் கையைப் பிடிச்சுக்கோங்க.

— விடுடா டேய். ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆனாலும் காலு என்னுதுதான். என்ன பொண்ணே, உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் என் மூஞ்சியைவிட மஞ்சளா இருக்கு?

— நாக்கை நீட்டுங்க மாமா.

— காலையிலதான் பார்த்த. அது எங்கயும் ஓடிப்போகலை. மேஜை மேல கிடக்கறது யார் சாவி?

— என்னுதுதான்பா.

— இங்க ஏன் கிடக்கு?

— ஈரத்துல துரு பிடிச்சிருக்கு. எண்ணெய் போடணும்.

— ம். பொண்ணே, நாலாவது சீட்டு எழுதிட்டியா?

— இல்ல மாமா. இன்னும் யோசிக்கிறேன்.

— யோசிச்சு என்ன ஆகப்போகுது? நான் சொல்றேன், நீ எழுது. பார்லி முப்பது. பூசணித் தோல் பதினஞ்சு. காய்ஞ்ச ஆரஞ்சுத் தோல் ஆறு. அதிமதுரம் மூணு.

— அது மருந்தில்ல, சமையல்.

— சமையல்தான். எழுதி, உன் கையாலயே நிறுத்துக் கொண்டா. இவன் இப்பவே காய்ச்சட்டும். குடிச்சிட்டே வீட்டுக்குப் போறேன்.

— அப்பா, அதுல ஒண்ணுமே இல்ல. அது ஒண்ணும் செய்யாது.

— ஒண்ணும் செய்யாத மருந்தைக் காய்ச்ச உனக்குத் தெரியும்ல? அது போதும். சக்கையைத் தூக்கிப் போட்டுடாத. எனக்கு வேணும்.

— மறுபடியும் முச்சந்தியில கொட்டவாப்பா? இத்தனை நாளா கொட்டறீங்க. மிதிச்சவன் எவனும் உங்க நோயை எடுத்துட்டுப் போகலை.

— போகலைதான். என் நோய் என்னை மாதிரியே பிடிவாதக்காரன். நீ கொண்டா.

— மாமா, அவனுக்கு அந்த அறைக்குள்ள இனிமே வேலை...

— ஒரு தடவை, பொண்ணே. இந்த ஒரு தடவை. நிறுத்தாச்சா? காட்டு. பூசணித் தோல் ஒரு கிராம் கூட. என் கைக்குத் தெரியும். பரவாயில்ல. இந்தாடா, பிடி. போ உள்ள. பொண்ணே, அவன் போனதும் காய்ச்சற அறையை வெளியிலேருந்து பூட்டு.

— பூட்டணுமா?

— பூட்டு. கையில கொடுத்ததைத் தவிர வேற எதுவும் பானைக்குள்ள போகக் கூடாது.

— அப்பா? என்ன சொல்றீங்க?

— உன்னைச் சொல்லலைடா. எலியைச் சொல்றேன். போ, போ.

— பூட்டிட்டேன் மாமா.

— இழுத்துப் பாரு.

— இழுத்தாச்சு. ஆவி இழுக்கற மெஷின் ஓடுது, அவனுக்கு ஒண்ணும் கேக்காது. எந்த எலியைச் சொல்றீங்க?

— எட்டாம் நாள் காலையில சக்கைப் பையைப் பிரிச்சு ரோட்டுல கொட்டினேன். ரேவல்சின்னியோட மஞ்சளைக் காணோம். கறுப்பா, தட்டைத் தட்டையா என்னமோ விழுந்துது. குனிஞ்சு ஒண்ணை எடுத்து விரல்ல நசுக்கினேன். வெந்து குழைஞ்சாலும் நாபி நாபிதான். முப்பத்தெட்டு வருஷம் நறுக்கின கை.

— எட்டாம் நாளேவா?

— அன்னிக்கேதான். அதுக்கப்புறம் தினமும் எடுத்து எண்ணினேன். கூட்டிக்கிட்டே போனான். நேத்து ராத்திரி காய்ச்சினதுல மட்டும் நாபியைக் காணோம். அவன் உன்கிட்ட சொல்லியிருப்பான்னு சாவியைப் பார்த்ததும் தெரிஞ்சுது.

— தெரிஞ்சுமா குடிச்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே!

— நிறுத்தியிருப்ப. அவன் கட்டையில போற வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிவான், விட்டிருந்தா என் மருந்து பலிச்சிருக்கும்னு. பன்னெண்டு வருஷமா என் வீட்டுல அந்த ஒரு பேச்சுத்தான். இப்ப பலிக்காதுன்னு அவனே கண்ணால பார்த்துட்டான்.

— அதுக்கு உங்க உயிரா விலை?

— மூணு மாசத்தைப் போய் உயிருங்கற. பொய் சொல்லுவானேன், பத்து நாள் வரைக்கும் எனக்கும் ஒரு நப்பாசை இருந்துச்சு. எங்கயாவது பயல் சொன்னது சரியா இருந்துடுமோன்னு. இல்ல. வாய் வெந்துபோச்சு.

— அவன் உங்களுக்குத் தெரியாம உங்களைக் கொன்னுட்டோம்னு நினைச்சுக்கிட்டு நிக்கறான் மாமா, அந்தக் கதவுக்குப் பின்னாடி. இதைச் சொல்லியாகணும். நான் திறக்கிறேன்.

— பூட்டுல கை வைக்காத. பார்லி வேகட்டும்.

— மாமா!

— பொறந்ததுலேருந்து அவன் ஆரம்பிச்சு முடிச்ச சீட்டு அந்த நாபிச் சீட்டு ஒண்ணுதான், பொண்ணே. அதை நான் குடிக்கலைன்னா வேற எவன் குடிப்பான்?