கண்ணுன்னு கூப்பிட்ட குரல்

அந்தக் கதவுல கை வைக்காதீங்கக்கா. உட்காருங்க. பேசாதீங்க, தலையை ஆட்டினா போதும். நான் பேசலாம், என் குரலுக்கு அந்தப் பருந்து திரும்பாது. மூச்சு முட்டுதா? முட்டும்தான். பறவையைப் பார்க்கக் கட்டின மறைவு இது, மனுஷங்க சொகுசுக்கு இல்ல.

இந்த ஓட்டை வழியா பாருங்க. விடியறப்பவே கூண்டோட மேல்வலையைக் கழட்டிட்டோம். தலைக்கு மேல முழு வானம். இந்தப் பருந்து என்னடான்னா கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி மூலையில உட்கார்ந்திருக்கு. அடைஞ்சு கிடக்கறது நாம ரெண்டு பேரும்தான்.

என்ன, இறக்கையைக் காட்டுறீங்களா? இறக்கைக்கு ஒரு குறையுமில்ல. போன மாசமே விட்டுப் பார்த்தோமே. ஜம்முனு வட்டம் போட்டுச்சு, நம்ம பறவைக் காப்புச் சங்கத்துச் செயலாளர் கண்ணைக்கூடத் துடைச்சுக்கிட்டார். அன்னிக்குச் சாயங்காலமே பக்கத்துத் தெரு மொட்டை மாடியில ஒருத்தி பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டிருந்தா. ஆ காட்டு கண்ணுன்னா பாருங்க, சர்ருன்னு போய் அவ தோள்ல இறங்கிடுச்சு. நகம் கீறி ரத்தம். புருஷன்காரன் கட்டையைத் தூக்கிட்டான். பின்னாடியே தேடி ஓடின நம்ம டாக்டர் குறுக்க விழுந்து அந்த அடியை வாங்கினார், இது பிழைச்சுது.

ஆமாக்கா. அந்த வார்த்தைக்குத்தான்.

குஞ்சு அறையில எல்லாரும் ஊமை மாதிரி நடக்கறோம்னு சிரிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? பருந்து மூஞ்சி தைச்ச கையுறையை மாட்டிக்கிட்டு, திரைக்குப் பின்னாடி நின்னு, வாயே திறக்காம ஊட்டறோம். எதுக்கு? இரை குடுக்கறது மனுஷ ஜென்மம்னு அதுக்குத் தெரியவே கூடாது. இது குஞ்சா இருந்தப்ப, நீங்க ஆசைப்பட்டுக் கேட்டீங்கன்னு செயலாளர் உங்களையும் இதுக்கு ஊட்ட விட்டார். கையுறையை ஒழுங்காத்தான் மாட்டினீங்க. வாயைத்தான் கட்டல. மூஞ்சி பருந்து, குரல் நீங்க. ஆ காட்டு கண்ணு, இன்னும் ஒரே ஒரு வாய் கண்ணு.

யார் சொன்னாங்கன்னு முழிக்காதீங்க. கையுறை துவைக்கறவங்களுக்குக் காது இருக்கு. சொல்லத்தான் பயம். இந்தக் கட்டடமே உங்க தயவு, அக்கா மனசு கோணக் கூடாதுன்னு எங்க எல்லார் வாய்க்கும் பூட்டு. எனக்கும்தான். உங்ககிட்ட மூஞ்சியைக் காட்டி, நீங்க பணத்தை நிறுத்திட்டா, மத்த கூண்டுக்கெல்லாம் நாளைக்கு யார் இரை போடறது?

அழாதீங்க. விசும்பினாலும் கேட்கும். அதோ, திரும்பிடுச்சு பாருங்க.

நாளைக்கு மிருகக்காட்சி சாலை வண்டி வருது. மனுஷனைத் தேடிப் போற பருந்தை வெளிய விட்டா எவனாவது அடிச்சே கொன்னுடுவான்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னிக்குப் போகலேன்னா ஆயுசுக்கும் கம்பிதான்.

தானா கிளம்புதான்னு இவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்தாச்சு. நாங்க தட்டியும் பார்த்தோம், கத்தியும் பார்த்தோம். எங்களைக் கண்டா மூலைக்கு ஓடுது, உங்களை எதிர்பார்த்துக்கிட்டு.

வேடிக்கை பார்க்கவா உங்களைக் கூப்பிட்டேன்? காலடியில ஒரு தகர டப்பாவும் குச்சியும் கிடக்கு, எடுத்துக்கோங்க. நான் கதவைத் திறப்பேன், உங்க குரலுக்கு அது ஆசையா ஓடி வரும். தோள்ல உட்கார விட்டுடாதீங்க. மூஞ்சிக்கு நேரா டப்பாவை அடிச்சு, தொண்டை கிழியக் கத்தி விரட்டணும்.

கண்ணுன்னு சொல்லியே விரட்டுங்கக்கா. இனிமே அந்த வார்த்தையைக் கேட்டாலே அது பறந்துடணும்.