முகத்துக்குப் பக்கத்தில் கை

மோட்டார் வண்டி இந்தக் கரிசலை மிதிக்காத காலம். ஓடைக்கரைப்பட்டியில் குருவம்மா என்று ஒருத்தி இருந்தாளாம். எவனையும் நம்பாதவள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால்கூட, எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்பாள். அப்புறம்தான் செம்பு கைமாறும்.

காரணம் இருந்தது. மூத்த மகன் சோலையப்பனைக் கங்காணி ஒருவன் நல்ல வார்த்தை சொல்லி, சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். போனவன் போனவன்தான். மிச்சம் இருந்தது மகள் மாடத்தி. பால்பல் விழுகிற வயசு.

அவளும் பருத்திக் காட்டில்தான் கிடந்தாள். காட்டுக்குச் சொந்தக்காரர் சங்கரலிங்கம். பருத்தி எடுக்கப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார். சின்ன விரல் காய்க்குள் நுழையும், பஞ்சு சருகில்லாமல் வரும். வெடித்த காயின் நுனி ஊசி மாதிரி. பிள்ளைகள் விரல் கிழியும், காயும், மறுபடி கிழியும். பிள்ளையை அனுப்பாத ஆத்தாளுக்கும் வேலை கிடையாது. அது அவர் சட்டம்.

ஒரு மாசி மாதம், கோட்டுப் போட்ட ஆள் ஒருவன் காட்டுக்குள் வந்தானாம். தோளில் மூன்று கால் பெட்டி. பெயர் தெரியாது, கேட்காதே. ஊர் அவனைப் பெட்டிக்காரன் என்றது.

"பிள்ளைங்க வேலை செய்யறதைப் படம் பிடிக்கணும்மா. மெட்ராஸ்ல காட்டினா, இவங்களைக் காட்டுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு உத்தரவு வாங்கலாம்."

குருவம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கங்காணியும் இப்படித்தான் தேனாகப் பேசினான். முகத்தைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனால், பிள்ளை எந்த மூலைக்கு ஓடினாலும் பிடித்துவிடுவானே!

பெட்டிக்காரன் பெட்டிமேல் தொங்கிய கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான்.

"ஏய்யா, வெளிய வாரும்," என்றாள். "ஒம்ம மூஞ்சிய நீரு ஒளிச்சிக்கிடுதீரு. எங்க பிள்ளைக மூஞ்சி மட்டும் ஒமக்கு வேணுமாக்கும்?"

காடே சிரித்தது.

"வேலையைத்தாம்மா காட்டப்போறேன்."

"வேலை செய்யுதது கைதான? கையப் பிடிச்சிட்டுப் போரும்."

பிள்ளைகளின் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிவிட்டாள். கைகள் மட்டும் நீண்டன. அவன் கெஞ்சினான். அவள் அசையவில்லை. கைகளைப் படம் பிடித்துக்கொண்டு போனான்.

அடுத்த எடுப்புக்குப் பருத்தி வெடித்தபோது, தாசில்தாரோடு திரும்பி வந்தானாம். அன்றைக்குக் காட்டில் ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாவற்றையும் சங்கரலிங்கம் ஓடைக்குள் விரட்டி, மூச்சு விடக்கூடாது என்று மிரட்டியிருந்தார். தாசில்தார் நீட்டிய படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"இது பிள்ளைக கையின்னு யாரு சொன்னா எசமான்? பொம்பளையாளுக கை. எத்தனை வெடிப்பு பாருங்க! பிஞ்சுக் கை இப்படியா இருக்கும்?"

தாசில்தார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காகிதத்தில் கை பெரிதா சின்னதா, தெரியவில்லை. பக்கத்தில் முகம் இருந்தால்தானே தெரியும்?

குருவம்மாவுக்குச் சுரீர் என்றது. முகத்தை மூடியது யார்? அவள்தான்.

"பிள்ளைக ஓடைக்குள்ள இருக்கு சாமி," என்றாள். சங்கரலிங்கம் பல்லைக் கடித்தார்.

"நான் பார்த்துப் பிரயோசனம் இல்லை," என்றார் தாசில்தார். "படம்தான் மேலே போகும்."

குருவம்மா பெட்டிக்காரன் முன்னால் போய் நின்றாள்.

"மொதல்ல அந்தத் துணிய எடும். ஒம்ம மூஞ்சியக் காட்டும். ஒம்ம பேரு, அப்பன் பேரு, ஊரு, எல்லாம் சொல்லும். எம் பிள்ளை காணாமப் போச்சுன்னா, அந்த ஊருக்கு நடந்தே வருவேன்."

அவன் சொன்னான். அவள் காதில் மட்டும் சொன்னான். சாகும்வரை அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கும் தெரியாது.

"ஏட்டி மாடத்தி, வெளிய வா!"

வந்தாள். குருவம்மா தலைத்துணியை விலக்கி, மகளின் கையைத் தூக்கிக் கன்னத்தை ஒட்டி வைத்தாளாம். முன்பல் விழுந்த வாய். பக்கத்தில் கிழவி கை. ஒரே பிள்ளைக்கு இரண்டும்.

மற்ற ஆத்தாமாரும் கூப்பிட்டார்கள். ஓடையிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வந்து, கையும் முகமுமாக நின்றன. பெட்டிக்காரன் எல்லாரையும் படம் பிடித்தான்.

படம் மெட்ராஸுக்குப் போனது என்கிறார்கள். அடுத்த வெள்ளாமைக்குச் சங்கரலிங்கம் பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. ஆத்தாமார்தான் எடுத்தார்கள். பஞ்சில் சருகு ஒட்டியது. ஒட்டட்டும். மனசு மாறிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்பமாட்டேன். படத்துக்குப் பயம், அவ்வளவுதான்.

குருவம்மாவும் நம்பவில்லை. அதற்கப்புறமும் கோட்டுப் போட்டவன் எவன் வந்தாலும் மகளை ஓடைக்கு அனுப்பிவிடுவாளாம்.

இன்றைக்கும் ஓடைக்கரைப்பட்டிக் கல்யாண வீட்டில் போய்ப் பார். படம் பிடிக்கும்போது பெண், மாப்பிள்ளை, இடுப்புப் பிள்ளை, எல்லாரும் உள்ளங்கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். வெளியூர்ப் படக்காரன், "கையை இறக்குங்க," என்று கத்துவான்.

"ஒம்ம அப்பன் பேரு என்ன?" என்று கேட்பார்கள்.

சொன்னால் சிரித்து முகம் காட்டுவார்கள். கையை அப்போதும் இறக்கமாட்டார்கள்.